மலையக நாட்டார் பாடல்களும் பகுதிச்சொற் பொருத்தமும்

நாட்டார் பாடல்களைத் தொகுப்போர் முதலில் எதிர்நோக்கும் பிரச்சினை, எப்பாடல் எதனோடு உறவுடையது என்பதாகும். ஏட்டிலக்கியத்தில் ஆசிரியன் பெயரும் நூற்பெயரும் அவ்வுறவைக் காட்டிவிடும். நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வழங்கிய பாடல்களுக்கு அத்தகைய முகவரி இல்லை. ஒன்றின் ஈரடி மற்றொன்றில் வந்து சேரும். வேலை மாறச் சொல்லும் மாறும். சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அரிதின் முயன்று திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் அவர் மறைந்த பின், 1987 இல், நூலுருப் பெற்றன.

இத்தகைய தொகுப்பை எக்ஸ்.எம்.எல். வடிவில் அமைப்போர் பாடல், அடி, தோட்டம், சொற்குறிப்பு என்பவற்றைத் தனித்தனி உறுப்புகளாகக் குறிப்பர். ஒரு சொற்குறிப்போடு தொடர்புடைய பாடல்களைத் தெரிந்தெடுத்து ஒழுங்குபடுத்த எக்ஸ்.எஸ்.எல்.டி. என்னும் மொழி பயன்படுகின்றது. 1999 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே இதற்கு இரு வழிகள் உண்டு. முழுத்தொடரும் ஒத்திருப்பின் மட்டும் இணைக்கும் திறவு முறை ஒன்று; ஒரு தொடருள் மற்றொன்று அடங்கியுள்ளதா என நோக்கும் ‘கன்டெய்ன்ஸ்’ முறை மற்றொன்று. முழுப்பொருத்தத்தை வற்புறுத்துவது அச்சுப் பண்பாட்டின் அளவுகோலை வாய்மொழி மீது சுமத்துவதாகும். எனவே பகுதிப் பொருத்தமே இங்கு ஏற்புடையது. ஆயினும் அதனை விமர்சன நோக்கின்றிக் கையாளுதல் கூடாது. மூன்று குறைபாடுகள் நோக்கற்பாலன.

முதலாவது, பாடலின் அடிகள் அனைத்தையும் ஒருசேர அச்செயலியிடம் ஒப்படைத்தால், முதற் பதிப்பின் விதிப்படி முதலடி மட்டுமே சோதிக்கப்படும். ஏனையவை அறிவிப்பேதுமின்றி விடுபடும். நாட்டார் பாடலின் முதலடி பெரும்பாலும் விளியாகவோ மரபுத்தொடராகவோ அமைவது. கங்காணியின் கொடுமையும் குறைந்த கூலியும் பின்னடிகளிலேயே வெளிப்படும். ஆகவே தொழில்நுட்பப் பிழையாகத் தோன்றும் இது, விளைவில் முறைப்பாட்டை நீக்கி விளியை மட்டும் பேணுவதாகின்றது. ஒவ்வோர் அடியையும் தனித்தனியே சோதித்தலே முறை.

இரண்டாவது, தமிழின் சொல்லமைப்புப் பற்றியது. ‘கொழுந்து’ எனத் தேடினால் ‘கொழுந்தை’, ‘கொழுந்தில்’ என்பன கிடையா. ‘கொழுந்த’ எனக் குறுக்கினால் மூன்றும் அகப்படும்; ஒருங்குறியில் உயிர்க்குறி தனியே நிற்பதே காரணம். அன்றியும் ‘கொ’ என்பதிலுள்ள ஒகரக்குறி ஒரே குறியாகவும், எகர, ஆகாரக் குறிகளின் சேர்க்கையாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு ஒன்றாயினும் கணினிக்கு அவை வேறு. 2007 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு இவற்றைச் சீர்மைப்படுத்தும் வசதியைத் தந்தது.

மூன்றாவது குறைபாடே அடிப்படையானது. ‘துரை’ எனத் தேடின் ‘மதுரை’யும் வந்து சேரும். தோட்டத்தை ஆண்டவனும், தொழிலாளர் பிரிந்து வந்த ஊர்ப்புறமும் ஒரே பட்டியலில் நிற்பர். ‘கண்டி’ எனத் தேடின் ‘கண்டித்தான்’ என்பதும் அகப்படும். சொல்லின் தொடக்கத்தை மட்டும் நோக்கும் முறை மதுரையை விலக்கும், கண்டித்தவனை விலக்காது. மறுபுறம், துரை என்னும் சொல்லே இன்றி அவனது அதிகாரத்தைப் பாடும் அடி ஒருபோதும் அகப்படாது. எழுத்துகளின் ஒப்புமை சமூக உறவாகாது என்பது இதனாற் புலனாகும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? பகுதிப் பொருத்தத்தால் வருவனவற்றை முடிவுகளாகக் கொள்ளாது சான்றுத் தேர்வுக்குரியனவாகக் கொள்ளல் வேண்டும். அவற்றைப் பாடலின் சூழலறிந்தோர் படித்து, துரை, கங்காணி, தொழிலாளி என்னும் உறவுநிலைகளையும், கோப்பிக் காலம், தேயிலைக் காலம் என்னும் வரலாற்று நிலைகளையும் அடையாளக் குறிகளாகப் பதிதல் வேண்டும். அதன் பின்னரே திறவு முறை தன் முழுப்பயனைத் தரும். இப்பணியில் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் பாடல்களை இன்றும் நினைவிற் கொண்டுள்ள முதிய தொழிலாளரும் பங்குகொள்ளல் இன்றியமையாதது.

இது வெறும் நுட்ப வினா அன்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பிறப்பையும் தந்தைவழியையும் பத்திரச் சான்றால் நிறுவுமாறு கோரியது. அதனை நிறுவ இயலாத மலையக மக்கள் நாடற்றவராயினர். பிறர் எழுதிவைத்த பதிவேடுகள் அவர்களுக்குத் துணைநிற்காதபோதும் அவர்களது வரலாற்றைத் தாங்கிநின்றவற்றுள் அவர்களே ஆக்கிய பாடல்கள் முக்கியமானவை. புதிய பதிவேட்டை அமைக்கும் நாம், அவற்றின் பின்னடிகளையும் படிக்கும் வகையில் அதனை அமைப்பதற்குக் கடமைப்பட்டுள்ளோம்.