ரோபோவுக்கு வசனம் போதவில்லை

செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் ‘ஆர்.யு.ஆர்.’ நாடகம் பிராக் தேசிய அரங்கில் ஏறியது 1921 ஜனவரி 25இல். அதற்கு முன்பே, ஜனவரி 2 அன்று, ஹ்ராதெட்ஸ் க்ராலொவே நகரத்து அமெச்சூர் குழு அதை நடித்துவிட்டது. ஆகவே பெரிய அரங்கு, பெரிய காசு வேண்டும் என்ற சாக்கு செல்லாது. திருப்பூர்க் குழு ஒன்று இதை எடுக்கலாமா?

முன்காட்சி இந்த ஊருக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. சாப்பெக்கின் ரோபோ தகர டப்பா அல்ல. சதையும் நரம்பும் உள்ள ஆள். அந்த நரம்பை நூற்க, ரோபோ தயாரிக்கும் ஆலைக்குள் ஸ்பின்னிங் மில்லே உண்டு. முன்காட்சியில் சாதாரண மனிதர் உடை, பிறகு வேலைச் சட்டை, மார்பில் எண் பொறித்த பித்தளை வில்லை, அவ்வளவுதான் வேஷம். வில்லைக்குப் பதில் இங்கே ஐடி கார்டு போதும். ரோபோக்களை மீட்க வரும் ஹெலனா மேனேஜர்களையே ரோபோ என்று நினைக்கும் இடத்தில் பனியன் கம்பெனிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பையர் ஆடிட் பார்த்தவர்களுக்கு அவளைத் தெரியும்.

சறுக்கல் பிறகு. ரோபோக்கள் கிளர்ந்தெழுகிறார்கள், ஏன் என்று விவாதிப்பதெல்லாம் நிர்வாகத்தார். ஹெலனா கேட்டுக்கொண்டபடி விஞ்ஞானி ஒருவர் சில நூறு ரோபோக்களின் உடற்கூற்றை மாற்றியதாலா? இல்லை, ஆர்டர் வந்தது, செய்து குவித்தோம் என்கிறார் கணக்குப் பார்க்கும் புஸ்மன். நான் அவர் கட்சி. ஆனால் வேலிக்கு வெளியே நிற்கும் ரோபோக் கூட்டம் வாய் திறப்பதில்லை. ரேடியஸ் என்ற ரோபோ பேசுகிறான், எஜமானாகும் ஆசையை மட்டும். கேட்கும் திறனையே எடுத்துவிட்டுச் செய்த உயிர் என்ன கேட்கும் என்று சாப்பெக்குக்காக வாதாடலாம். முன்காட்சிக்கு அது பொருந்தும். உலகையே பிடித்த பிறகும் பொருந்துமா? 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அந்தக் கோரிக்கையை யாரும் ஊசி போட்டு ஏற்றவில்லை.

முடிவு இன்னும் பலவீனம். இரண்டு ரோபோக்கள் ஒருவருக்காக ஒருவர் சாகத் துணிகிறார்கள். உடனே மனிதகுலம் மறுபடி பிழைத்துவிடுகிறது. ரோபோவுக்குக் காதல் வந்ததும் வம்பும் வந்த ‘எந்திரன்’ இந்த ஒரு விஷயத்தில் சாப்பெக்கைவிட நேர்மையான படம்.

ஆனாலும் எடுக்கலாம். முன்காட்சியில் ஒரு வரிகூட வெட்டக் கூடாது. இருப்பதில் நல்ல நடிகரைப் புஸ்மனுக்குக் கொடுங்கள். இறுதிக் காட்சியைப் பாதியாக்குங்கள். ரோபோக்களுக்கு நாமே வீர வசனம் எழுதிச் சேர்க்கும் ஆசை வரும். அதைச் செய்தால் நாடகம் கெட்டுவிடும். சாப்பெக் இறந்தது 1938இல். மூலத்துக்கு ராயல்டி தரவேண்டியதில்லை.