பட்டறிவும் எழுத்தும்: ‘என் சரித்திர’த்தில் ஒரு மாணவர்

1. முன்னுரை

கற்பிக்கும் முறையையும் கற்கும் முறையையும் நிரல்படக் கூறும் இலக்கண நூல்களுள் நன்னூல் குறிப்பிடத்தக்கது. அதன் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் ஒரு கணக்குத் தருகின்றார். ஆசிரியன் உரைத்ததை எவ்வளவு செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையில் காற்பங்கே. உடன் கற்பாரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும்போதுதான் நிரம்பும். வழக்கினை அறிதல், கேட்டதை மீண்டும் எண்ணிப் பார்த்தல், வினாவுதல், விடையிறுத்தல் முதலியனவும் மாணாக்கன் கடமைகளாக அங்கே சொல்லப்படுகின்றன. எழுதுதலுக்கு இக்கணக்கில் தனியிடம் இல்லை.

இவ்விலக்கணத்திற்கு வாழ்க்கையிலிருந்து ஓர் இலக்கியம் காட்ட வேண்டுமாயின், டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் ‘என் சரித்திரம்’ முன்னிற்கும். ஒரு மாணவர் கேட்டும், உடன் பயின்றும், பிறர்க்கு உரைத்தும் வளர்ந்த வரலாறு அது. எனினும், நன்னூற் கணக்கில் அடங்காத ஒன்று அதன்கண் உண்டு. மாணவர் பட்ட அனுபவமும், அவ்வனுபவம் எழுத்தில் மீண்டும் எண்ணப்பட்ட வகையுமே அது. இந்நூலைப் பதிப்பு வரலாற்றுக்கு ஒரு சான்றாகவும், பழைய திண்ணை, மடக் கல்விக்கு ஒரு சான்றாகவும் அறிஞர் பலர் பயன்படுத்தியுள்ளனர். மாணவப் பட்டறிவு எவ்வாறு புலமையாகத் திரண்டது என்னும் வினாவை இந்நூலின்பால் எழுப்பி விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நூலின் இரு குரல்கள்

ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டிற் பிறந்தவர். 1871-ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிள்ளையவர்கள் மறையுங்காறும் அவரை நிழல்போலத் தொடர்ந்தார். இம்மாணவப் பருவத்தை அவர் எழுதத் தொடங்கியதோ 1940-ஆம் ஆண்டில். ‘ஆனந்த விகடன்’ இதழில் வாரந்தோறும் வெளிவந்த அவ்வரலாறு, 1942-ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஆசிரியர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்றது. 122 இயல்களோடு அது 1950-இல் நூலாயிற்று.

நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் உள்ளன. ஆதலின் இந்நூலை ஒரு மாணவர் அன்றன்று எழுதிய நாட்குறிப்பாகக் கொள்ளல் ஆகாது. இதனுள் இரண்டு குரல்கள் பேசுகின்றன. ஒன்று, பாடங் கேட்கத் துடிக்கும் இளைஞரின் குரல். மற்றொன்று, சிந்தாமணி முதல் குறுந்தொகை வரை பதிப்பித்து முடித்த முதியவரின் குரல். முன்னது பட்டறிவைத் தருகின்றது. பின்னது அதற்குப் பொருள் காண்கின்றது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு படிப்போர், முதியவர் கண்ட பொருளை இளைஞரும் அன்றே கண்டிருந்தார் என மயங்குவர். இரண்டையும் பிரித்தறிந்து படிப்பதே ஆராய்ச்சியாளர்க்குரிய முறையாகும்.

3. தளிரும் ஆராய்ச்சியும்

இவ்விரு குரலும் இணைந்தொலிக்கும் இடத்துக்குத் ‘தளிர் ஆராய்ச்சி’ என்னும் இயல் சிறந்த எடுத்துக்காட்டாகும். மாயூரத்திற்கு வந்த புதிதில், உடன் மாணவராகிய சவேரிநாத பிள்ளையிடம் பாடங் கேட்கும்படி இளைஞர் பணிக்கப்பட்டார். நன்னூலார் கருத்துப்படி அதுவும் கல்வியின் ஒரு கூறே. எனினும் ஆசிரியர் வாயிலாகவே கேட்க வேண்டும் என்னும் வேட்கை இளைஞரை வருத்திற்று. பிள்ளையவர்கள் செடி கொடிகளிடத்து மிக்க அன்புடையவர். புதிதாக வைத்த மரங்கள் தளிர்விட்டனவா என்று காலையில் சென்று பார்ப்பது அவர் வழக்கம். இதனைக் கண்டுகொண்ட மாணவர், அவருக்கு முன்னரே எழுந்து, எங்கெங்கே தளிர் விட்டிருக்கின்றதென்று பார்த்து வைத்து, ஆசிரியர் வந்ததும் காட்டலானார். அவ்வழியே ஆசிரியரின் நெருக்கமும், நேரே பாடங் கேட்கும் வாய்ப்பும் கிடைத்தன.

இளைஞர்க்கு இது பாடம் பெறுதற்குரிய ஓர் உபாயமாக இருந்தது. ‘ஆராய்ச்சி’ என்னும் பெயரை இதற்கு இட்டவர் முதியவர். ஏட்டுச் சுவடிகளை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர், தம் முதல் ஆராய்ச்சி தளிரைப் பற்றியது என்று கூறும்போது, அதன்கண் நகையும் உண்டு, உண்மையும் உண்டு. பிறர் எழுமுன் எழுதல், கண்ணிற்கு எளிதிற் புலப்படாததைத் தேடுதல், கண்டதை மறவாது உரியவரிடம் கூறுதல் ஆகிய மூன்றும் பின்னர்ச் சுவடி தேடியபோது அவர்க்குக் கைகொடுத்த பண்புகளே ஆகும். பட்டறிவு அப்பொழுது நிகழ்ந்தது. அதன் பொருள் எழுதும்பொழுது விளங்கிற்று. மாணவர் குறிப்பெழுதுவதன் பயன் யாது என்று வினவுவார்க்கு இவ்வோர் இயலே விடையாக அமையும்.

4. எழுதும் கை கற்ற பாடம்

பிள்ளையவர்கள் செய்யுள்களை மனத்தில் அமைத்துக்கொண்டு தடையின்றிச் சொல்வார். மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். தல புராணங்கள் பல இவ்வாறே உருவாயின. எழுதும் பணியைச் செய்தோருள் ஐயரவர்களும் ஒருவர். இதனை ஆசிரியர்க்குச் செய்த தொண்டு எனக் கூறி அமைவது வழக்கம். தொண்டு என்பது உண்மையே. எனினும் அஃது ஒரு கல்வியாகவும் இருந்தது என்பதே ஈண்டு வற்புறுத்தற்குரியது.

சொல்லச் சொல்ல எழுதுபவர், முடிந்த செய்யுளை மட்டும் காண்பவர் அல்லர். செய்யுள் பிறக்கும் நெறியையே காண்பவர். எதுகை நோக்கி ஒரு சொல் எவ்வாறு வருகின்றது, சீர் எவ்விடத்தில் முடிகின்றது என்பவற்றை அவர் கை அறிந்துகொள்கின்றது. செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகையைக் கற்று வந்த மாணவர்க்கு, அவ்விலக்கணம் உயிர்பெற்று இயங்குவதைக் காணும் வாய்ப்பு இப்பணியால் வாய்த்தது.

இதனினும் முதன்மையானது ஒன்று உண்டு. பழைய ஏட்டெழுத்தில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும், ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்பெறா. ரகரமும் காலும் ஒத்த வடிவினவாகத் தோன்றும். அடிபிரித்தும் சொற்பிரித்தும் எழுதும் வழக்கமும் இல்லை. இத்தகைய எழுத்தைத் தன் கையால் எழுதிப் பழகியவர்க்கே, எழுதுவோர் எவ்விடத்தில் தவறுவர், எந்த எழுத்தை எந்த எழுத்தாக மயங்குவர் என்பது விளங்கும். பிற்காலத்தில் பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைத் தேர்ந்தபோது, ஐயரவர்கள் பயன்படுத்திய நுட்பத்தின் ஒரு வேர் இங்கே உள்ளது எனலாம். ஏடெழுதிய மாணவரே ஏடு திருத்திய ஆசிரியரானார். நன்னூற் கணக்கில் இடம்பெறாத எழுத்துப் பணி, இம்மாணவர் வாழ்வில் ஒரு பங்கினைத் தனக்கெனப் பெற்றுக்கொண்டது.

5. 1880-ஆம் ஆண்டின் வினா

1880-ஆம் ஆண்டில் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவர் முயற்சியால் ஐயரவர்கள் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள் அவ்வூர் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் ஆகியவற்றை அவர் அடுக்கிக் கூறியும் முதலியார் மனம் நிறைவு கொள்ளவில்லை. சீவக சிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்ற வினாவே எழுந்தது. அவ்வினா தமிழ்ப் பதிப்புலகின் போக்கை மாற்றிற்று என்பது யாவரும் அறிந்ததே.

இந்நிகழ்ச்சியைக் கொண்டு, பிள்ளையவர்களிடம் பெற்ற கல்வி பயனற்றதாயிற்று என்றும், 1880-இல்தான் ஐயரவர்களின் உண்மைக் கல்வி தொடங்கிற்று என்றும் கருதுவோர் உளர். நூலை ஊன்றிப் படிப்பார்க்கு இக்கருத்துப் பொருந்தாது. முதலியாரின் வினா, கற்ற நூல்களின் எல்லையைக் காட்டிற்று. கற்கும் ஆற்றலை அது குறைத்துரைக்கவில்லை. சிந்தாமணியைப் பாடஞ் சொல்லித் தருவார் ஒருவரும் இல்லாத நிலையில், ஐயரவர்கள் அதனைத் தாமே படித்து முதலியார்க்கு உரைக்கலானார். பிறர்க்கு விரித்துரைப்பதால் அரைப்பங்கு புலமை நிரம்பும் என்ற நன்னூல் விதிக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஈண்டுக் கேட்பவர் வினாவே கற்பிப்பவர்க்கு ஆசிரியனாயிற்று.

சமயக் குறியீடுகள் விளங்காதவிடத்து அவர் கும்பகோணத்துச் சைன இல்லங்களை நாடினார். சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். நூலில் மட்டும் இருப்பதாக எண்ணிய சமயம் தெருவில் உயிரோடு வழங்குவதை அவர் கண்டார். வழக்கறிதல் என நன்னூலார் சுட்டுவது இத்தகைய பட்டறிவையும் தழுவும் என்க. சைவ மடத்திற் பயின்ற ஒருவர் சைனரிடம் மாணவராக அமர்வதற்கு வேண்டிய பணிவு, கிறித்தவரான சவேரிநாத பிள்ளையோடு ஒருங்கு பயின்ற மாயூரச் சூழலில் முன்னரே முளைத்திருத்தல் கூடும். ஆதலின் 1871-ஆம் ஆண்டின் மாணவரும் 1880-ஆம் ஆண்டின் மாணவரும் வேறு வேறானவர் அல்லர். முன்னவர் பட்டறிவின்மேல் பின்னவர் கல்வி எழுந்தது.

6. சான்றாகக் கொள்ளும் முறை

இவ்வளவு சிறப்புடைய நூலாயினும், இதனைச் சான்றாகக் கொள்வார் சில எல்லைகளை மனங்கொள்ளல் வேண்டும். முதலாவது, உரையாடல்கள். நீண்ட உரையாடல்கள் நேர்கூற்றிலேயே தரப்பட்டுள்ளன. ஐயரவர்களின் நினைவாற்றல் வியக்கத்தக்கதே. எனினும் அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பேச்சைச் சொல்லுக்குச் சொல் சான்றாகக் கொள்வது பொருந்தாது. அவற்றைக் கருத்தளவிற் கொள்வதே முறை. இரண்டாவது, ஆசிரியர்பால் உள்ள பேரன்பு. அன்றே எழுதிய குறிப்பாயின், மாணவர் மனத்தில் எழுந்த சினமும் சலிப்பும் அவ்வவற்றின் வெம்மையோடு பதிந்திருக்கும். முதுமையில் எழுதப்பட்டமையால் அவை ஆறி அமைந்து வருகின்றன. கோபாலகிருட்டிண பாரதியாரிடம் பயின்ற இசையைப் பிள்ளையவர்கள் விருப்பத்திற்கிணங்கக் கைவிட்டதை ஐயரவர்கள் மறைக்கவில்லை. ஆயினும் இசைக் குடும்பத்தில் வந்த இளைஞர்க்கு அத்துறவு எத்துணைத் துன்பம் தந்தது என்பதைப் படிப்போரே உய்த்துணர வேண்டியுள்ளது.

மூன்றாவது, ஒரே நிகழ்ச்சி இரு நூல்களில் வருதல். 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளிவந்த பிள்ளையவர்கள் சரித்திரத்தில் ஆசிரியரே நடுநாயகம். மாணவர் பக்கத்தில் நிற்பவர். ‘என் சரித்திர’த்திலோ மாணவரின் பசியும் ஆவலும் அச்சமும் முன்வருகின்றன. இரண்டிலும் வரும் நிகழ்ச்சிகளை ஒப்புநோக்கின், நோக்கு மாறும்போது எது சேர்கின்றது, எது விடப்படுகின்றது என்பது புலனாகும். ஐயரவர்கள் சுவடிகளுக்குச் செய்ததை நாம் அவர் நூல்களுக்குச் செய்தல் வேண்டும். முதுகலை மாணவர் ஒருவர் மேற்கொள்ளத்தக்க நல்லதோர் ஆய்வுப் பொருள் இது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. பட்டறிவு தானாகவே கல்வியாகிவிடுவதில்லை. தளிர் தேடிய காலைகளும், ஏடெழுதிய நாள்களும், முதலியாரின் முன் நாணி நின்ற பொழுதும் மீண்டும் எண்ணப்பட்டமையாலேயே பாடமாயின. மீண்டும் எண்ணுதற்கு எழுத்து ஒரு கருவியாயிற்று. ஐயரவர்களுக்கு அவ்வெழுத்து முதுமையில் வாய்த்தது. அதனால் தெளிவு மிகுந்தது. உடனுக்குடன் எழுந்த உணர்ச்சியின் கூர்மை ஓரளவு குறைந்தது. அன்றன்று எழுதும் குறிப்பு இதற்கு மறுதலையானது. அதில் கூர்மை இருக்கும், தெளிவு பின்னரே வரும். இரண்டும் வேண்டத்தக்கனவே.

இன்று தமிழ் பயிலும் மாணவர் சுவடியைப் படமாகவும் அச்சாகவும் காண்கின்றனர். கையால் ஏடெழுதிக் கற்கும் வாய்ப்பு அவர்க்கு அரிது. எனவே, தாம் பாடங் கேட்டதையும், கேட்டு விளங்காததையும், பிறர்க்கு உரைக்க முயன்று தடுமாறியதையும் நாள்தோறும் குறித்துவைத்தல் அவர்க்குப் பெரிதும் பயன்தரும். விளங்கியதை எழுதுவது எளிது. விளங்காததை எழுதி வைப்பதே பயனுடையது. இராமசாமி முதலியார் எழுப்பிய வினாவைப் போன்ற ஒன்றை மாணவர் தமக்குத் தாமே எழுப்பிக்கொள்ளும் வழி அதுவே. பவணந்தியார் கணக்கில் இடம்பெறாத அப்பங்கினை, அவர் வகுத்த மூன்றோடு சேர்த்து எண்ணுதற்கு ‘என் சரித்திரம்’ நமக்கு உரிமை தருகின்றது.