தூசி இல்லாத ஒளிக்கற்றை

ஓசூர்ப் பகுதித் தொழிற்கூடங்களில் காலை வேளையில் நுழைந்து பார்த்தவர்களுக்கு இக்காட்சி பழகியதே. கூரைத் தகட்டின் ஓட்டை வழியே இறங்கும் வெயில், தரைவரை வெண்கோலாக நிற்கும். அதே வெயில் வெளியே முற்றத்திலும் விழுகிறது. அங்கே கோல் எதுவும் தெரிவதில்லை. நாம் காண்பது ஒளியின் பாதையை அன்று; அப்பாதையில் மிதக்கும் தூசி நம் கண்ணை நோக்கிச் சிதறடிக்கும் ஒளியையே. இருண்ட பின்னணி அதை எடுத்துக்காட்டுகிறது. ஜான் டிண்டல் 1869-இல் ஆராய்ந்த சிதறலும் இதுவே.

கணிப்பொறியால் ஆக்கப்படும் படங்களிலும் விளையாட்டுகளிலும் இக்கோல்களுக்குப் பஞ்சமில்லை. கோயில் மண்டபமா, அடர்ந்த காடா, உடனே நான்கு கோல்கள்! இவற்றைப் பார்த்துப் பழகிய மாணவரிடம், “ஒளிக்கற்றையைப் பக்கவாட்டிலிருந்து காண முடியுமா?” என்று கேட்டால், “முடியும் சார்” என்ற விடை தயங்காமல் வருகிறது. ஆகவே இவை எவ்வாறு செய்யப்படுகின்றன என்று பார்ப்பது தகும்.

நேர்மையான முறை ஒன்று உண்டு. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும், கண்ணிலிருந்து புறப்படும் கோட்டின் வழியே அடியடியாக நடந்து, அங்கே தூசி எவ்வளவு, வெயில் எட்டுகிறதா, நிழல் மறைக்கிறதா, கண்ணை நோக்கிச் சிதறுவது எவ்வளவு என்று கணக்கிட்டுக் கூட்டவேண்டும். கஜியாவும் வான் ஹெர்சனும் 1984-இல் ஏறத்தாழ இவ்வழியைக் காட்டினர்; நெல்சன் மாக்ஸ் 1986-இல் நிழல்களுக்கிடையே தோன்றும் கோல்களுக்கு வழி சொன்னார். இதன் அடிப்படை கதிர்வீச்சுக் கடத்தல் சமன்பாடு. அதைப் பற்றி 1950-இல் பெருநூல் எழுதியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீன்களுக்காகச் செய்த கணிதம் விளையாட்டுத் திரைக்கும் வந்துவிட்டது!

மற்றது குறுக்குவழி. 2007-இல் கென்னி மிட்செல் எழுதிய முறையில், காட்சி முதலில் வரையப்படுகிறது. பின்னர், திரையில் சூரியன் இருக்கும் இடத்தை நோக்கி ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் இழுத்துப் பூசப்படுகிறது. மரக்கிளைகளின் பின்னே சூரியன் நிற்கும் காட்சிக்கு இது அருமையாகப் பொருந்துகிறது, கணக்கும் குறைவு. ஆனால் சூரியன் திரையைவிட்டு நெடுந்தொலைவு விலகினால் கோலும் குலைந்துவிடும். தூசி எங்கே அதிகம், எங்கே குறைவு என்பது இம்முறைக்குத் தெரியவே தெரியாது. விரைவுக்காக இதை ஏற்கலாம். ஒளியியலைக் காட்டுகிறது என்று ஏற்பதற்கில்லை.

இன்னொரு குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. நுண்தூசி ஒளியை எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறடிப்பதில்லை. பெரும்பகுதி முன்னோக்கியே செல்கிறது. இருட்டறையில் சாக்பீஸ் தூசியைத் தட்டி, டார்ச் அடித்துப் பாருங்கள். டார்ச்சுக்கு எதிர்ப்புறம் சற்று ஒதுங்கி நின்றால் கற்றை பளிச்சிடும். டார்ச்சின் பின்னால் நின்றால் மங்கிவிடும். திரையில் பல கோல்கள் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி!

தொழிற்கூடச் சுகாதார ஆய்வாளர்கள் இவ்வியல்பைக் கொண்டே வேலை செய்கின்றனர். தூசி விளக்கை எரியவிட்டு, அதன் நேரொளி கண்ணில் படாமல் மறைத்து, எதிர்ப்புறமிருந்து பார்ப்பார்கள். சாதாரண வெளிச்சத்தில் தூய்மையாகத் தோன்றும் காற்றில் புகை போன்ற மண்டலம் எழும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் தொழில் பரவலானது. கல்லை உலர்நிலையில் அறுத்தாலும் துளையிட்டாலும் சிலிக்கா தூசி பறக்கும். அதன் மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் காற்றறைகள்வரை சென்று சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்குபவை. அத்தகைய கொட்டகையில் வெயில் கோல் தடித்து நின்றால், அங்கே வேலை செய்பவர் என்ன சுவாசிக்கிறார் என்பது அதிலேயே தெரிகிறது.