தேறல்: இரண்டு வாசிப்புகள்

ஐஸ் ஒயினை ஒரு சொல்லாக வாசித்துப் பார்க்கலாம். திராட்சையைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டுவிடுகிறார்கள். கடுங்குளிரில் (கனடாவில் சட்டப்படி மைனஸ் 8 டிகிரியாவது வேண்டும்) பழத்துக்குள்ளிருக்கும் நீர் உறைகிறது. அப்படியே பிழிந்தால் பனிக்கட்டி சக்கையோடு தங்கிவிட, சர்க்கரை திரண்ட கொஞ்சம் சாறு மட்டும் இறங்கும். அவ்வளவு சர்க்கரையையும் ஈஸ்ட்டால் தின்று தீர்க்க முடியாது; மிச்சம் தித்திப்பாக நிற்கிறது. பழத்தை ஃபிரீசரில் உறையவைத்துச் செய்தாலும் தித்திக்கத்தான் செய்யும். ஆனால் அதற்கு இந்தப் பெயரை வைக்க ஜெர்மனியிலும் கனடாவிலும் சட்டம் இடங்கொடுக்காது. அரசு அங்கே காவல் நிற்பது ஒரு பெயருக்கு.

நம்மிடம் தேறல் என்று ஒரு பெயர் இருக்கிறது. கள்ளின் தெளிவு என்று பொருள் எழுதினார்கள் உரைகாரர்கள். புறநானூறு 56இல் நக்கீரர் பாடும் தேறல் யவனர் கொண்டுவந்தது. பாண்டியன் நன்மாறனுக்குப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தருவது. 129இல் ஆய் அண்டிரனைப் பாடவந்த ஏணிச்சேரி முடமோசியார் முதலில் குறவர்களைக் காட்டுகிறார். மூங்கிலில் முதிர்ந்த தேறலைக் குடித்துவிட்டு வேங்கைமர முற்றத்தில் குரவையாடுகிறார்கள். தமிழ் எம்.ஏ. வகுப்பில் முதல் பாட்டு, அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியெடுத்த மதுச்சாடித் துண்டுகளோடு சேர்ந்து வாணிபப் பெருமிதமாகிவிடும். இரண்டாவதில் ஆய் கொடுத்த யானைகளை எண்ணுவதோடு சரி. குடித்த குறவர் வெறும் பின்னணி. இந்தப் பாகுபாடு பிரதியில் இல்லைங்க. அங்கே இரண்டுக்கும் ஒரே சொல்தான். பிரித்தது நம்ம வாசிப்பு.

மூங்கிலில் விளைந்தது தேன்கள் என்கிறது திருமுருகாற்றுப்படை. தேன் என்பதே நீர் வற்றிய பூச்சாறு. ஜெர்மனியில் உறைபனி செய்கிற வேலையை மலைகளில் தேனீயின் சிறகு செய்கிறது. கொல்லிமலையின் தேவனூர் நாட்டில் திராட்சை உறைகிற குளிர் கிடையாது, தேன் உண்டு. ஆனால் அந்த மலை இருந்த சேலம் மாவட்டத்தில்தான் 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கைத் தொடங்கியது. 1987 முதல் கள்ளுக்குத் தமிழ்நாடு முழுக்கத் தடை. 2003 முதல் சில்லறைக் கடையை அரசே நடத்துகிறது. ஜனங்க அதை ஒயின்ஷாப்னு சொல்றாங்க. உள்ளே விற்பது பெரும்பாலும் பிராந்தியும் ரம்மும்! இதே அரசு ஆடி மாதம் கொல்லிமலையில் வல்வில் ஓரிக்கு விழாவும் எடுக்கும். வில் மேடையேறலாம், மூங்கில் குழாய் ஏறக்கூடாது.

கள்ளுக்கு வக்காலத்தா என்று தோழர்கள் கேட்கலாம். டாஸ்மாக் கடையைப் பூட்டச் சொல்லித் தெருவில் உட்கார்ந்த பெண்களின் கோபத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு உரிமையில்லை. ஆனால் அவர்கள் எதிர்த்த கடையை நடத்துவது அரசு. மூங்கில் தேறலைக் குடித்த குறவருக்குக் கடையும் இல்லை, பொற்கிண்ணமும் இல்லை. எது பண்பாடு, எது குற்றம் என்று பிரிக்கும்போது அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. நம்முடைய சங்க இலக்கிய ஆய்வுகளும் கேட்கவில்லை.