துளையிடாத நச்சு

"நோய்க்கிருமியின் நச்சு, உயிரணுவின் சவ்வைத் துளைத்துவிடுகிறது." இப்படி ஒரு வாக்கியத்தை நீங்கள் எங்கேனும் படித்திருப்பீர்கள். பௌதிகம் கற்பிக்கும் நானும், எக்ஸ்-கதிர்களால் புரதங்களின் அமைப்பை அறியும் முறையை விளக்குகையில், இதை வகுப்பில் சொன்னதுண்டு. கரும்பலகையில் வரைய எளிது. மனத்திலும் உடனே பதியும். ஆனால் உவமை எளிதாக இருந்தால் மட்டும் போதுமா?

முதலில், அதற்குரிய நியாயத்தை ஒப்புக்கொள்வோம். சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி, ஆல்ஃபா ஹீமோலைசின் என்னும் நச்சுப் புரதத்தைச் சுரக்கிறது. அதன் அமைப்பு 1996இல் வெளியாயிற்று. ஏழு புரத மூலக்கூறுகள் வட்டமாகக் கூடி, சுமார் 100 ஆங்ஸ்டிராம் உயரமுள்ள ஒரு காளான் போல நிற்கின்றன. (ஆங்ஸ்டிராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.) காளானின் தண்டு சவ்வினுள் இறங்கியிருக்கிறது, நடுவே நீர் நிறைந்த குழாய். அதன் வழியே அயனிகள் தடையின்றிப் பாய, உயிரணு அழிகிறது. இங்கே 'துளை' என்ற சொல் முற்றிலும் பொருந்தும்.

இனி காலராவைப் பார்ப்போம். இக்கிருமி சுரக்கும் நச்சே குடலில் நீரைப் பெருக்குகிறது என்பதை, 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே முயல்களைக் கொண்டு மெய்ப்பித்தார். இந்த நச்சில் ஐந்து சிறு புரதங்கள் வளையமாக அமைய, ஆறாவது புரதம் அதன்மேல் அமர்ந்திருக்கிறது. வளையத்தின் நடுவில் ஓர் இடைவெளியும் உண்டு. "இதோ துளை!" என்று சொல்லத் தோன்றும். ஆனால் இந்த வளையம் சவ்வைத் துளைப்பதில்லை. சவ்வின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்கிறது, அவ்வளவே. உயிரணுவே நச்சை உள்ளிழுத்துக்கொள்கிறது. உள்ளே ஆறாவது புரதத்தின் ஒரு பகுதி பிரிந்து சென்று, உயிரணுவின் விசை ஒன்றை அணையாதபடி செய்துவிடுகிறது. அதனால் உயிரணுவின் சொந்தக் குளோரைடு வாயில் திறந்தே கிடக்கிறது. குளோரைடு வெளியேற, சோடியமும் நீரும் பின்தொடர்கின்றன. சவ்வில் ஓட்டை ஏதும் விழவில்லை.

"துளையோ, வாயிலோ, என்ன பெரிய வேறுபாடு?" என்று கேட்கலாம். ஒரு மாணவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "சார், குடலில் ஓட்டை விழுந்த பிறகு உப்புக்கரைசல் கொடுத்து என்ன பயன்? ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது போலத்தானே?" அவருடைய தர்க்கத்தில் பிழையில்லை; நான் வரைந்த படத்தில்தான் பிழை.

உண்மை என்ன? குடற்சுவர் உயிரணுக்களில் எஸ்.ஜி.எல்.டி.-1 என்ற கடத்திப் புரதம் இருக்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுடன் இரண்டு சோடியம் அயனிகளை அது உள்ளே கொண்டு செல்கிறது. நீரும் தொடர்ந்து செல்கிறது. காலரா நச்சு இதைக் கெடுப்பதில்லை. ஆகவே கரைசலில் சர்க்கரை சேர்ப்பது சுவைக்காக அன்று. அதுவின்றி சோடியம் போதிய அளவு உள்ளே செல்லாது. 1971இல் மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் குழுவினர் இத்தகைய கரைசலைக் குடிக்கக் கொடுத்தனர். சுமார் 30 சதவீதமாக இருந்த காலரா இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

இந்தக் கடத்தியும் ஒரு துளை அன்று. காலராக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறொரு விப்ரியோ கிருமியிலிருந்து, இதே குடும்பக் கடத்தி ஒன்றின் அமைப்பு 2008இல் வெளியாயிற்று. இக்குடும்பப் புரதங்கள் வேலை செய்யும் விதம் இரட்டைக் கதவுள்ள அறையை ஒத்தது. வெளிக்கதவு மூடிய பின்பே உள்கதவு திறக்கும். இரண்டும் ஒருசேரத் திறப்பதில்லை.

எனவே, அறிவியல் எழுதுவோரும் கற்பிப்போரும் 'துளை' என்று எழுதுமுன் சற்று நிற்க வேண்டும். சவ்வு உடைகிறதா, இருக்கும் வாயில் திறந்துபோகிறதா, கதவுகள் மாறி மாறி இயங்குகின்றனவா என்று கேட்டுக்கொள்வது நலம். வாசகர்களாகிய நீங்களும், ஒரு படத்தைக் கண்டால், அதை நம்பி நோயாளிக்கு என்ன செய்வோம் என்று எண்ணிப்பாருங்கள். ஓட்டைப் பானைப் படத்தை நம்பியவர் கரைசலை நிறுத்திவிடுவார். குடற்சுவரில் ஒரு கடத்தி இன்னும் வேலை செய்கிறது என்று அறிந்தவர், வயிற்றுப்போக்கு நிற்காவிட்டாலும், அடுத்த குவளையைக் கலக்குவார்.