பழைய பெயரும் விடுபட்ட குறிகளும்: மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பின்னோக்கு இணக்கம்

மென்பொருளின் புதிய பதிப்பு பழைய அமைப்புகளை மாற்றமின்றி ஏற்பது பின்னோக்கு இணக்கம் எனப்படும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் ‘யுடிஎஃப்8’ என்னும் குறியாக்க அமைப்பு அதன் பயனையும் குறையையும் ஒருங்கே காட்டுகிறது. யுடிஎஃப்8 தரமுறை ஓர் எழுத்துக்கு 4 பைட்டுகள் வரை இடமளிக்க, மைஎஸ்கியூஎல் 3 பைட்டுகளோடு நின்றது. 2010இல் ‘யுடிஎஃப்8எம்பி4’ என்ற முழுமையான குறியாக்கம் சேர்க்கப்பட்டபோதும் பழைய பெயரின் பொருள் திருத்தப்படவில்லை. இதற்குக் காரணம் உண்டு. 255 எழுத்துகள் கொண்ட புலத்துக்கு 3 பைட்டு முறையில் 765 பைட்டுகள் வேண்டும். அது அன்றைய சுட்டுவரிசை வரம்பாகிய 767க்குள் அடங்கும். 4 பைட்டு முறையில் 1020 ஆகி வரம்பை மீறும்.

ஆயின் இவ்விணக்கத்தின் விலையைத் தருவோர் யார்? வழக்கிலுள்ள தமிழ் எழுத்துகள் 3 பைட்டுகளில் அடங்குவதால் குறை புலப்படுவதில்லை. 2019இல் ஒருங்குறி 12.0இல் இடம்பெற்ற முந்திரி, காணி முதலிய பின்னக் குறிகளோ 4 பைட்டுகள் வேண்டுபவை. பழைய அமைப்பில் அவற்றைப் பதிய முயன்றால் பிழை எழும். கண்டிப்பு முறை தளர்த்தப்பட்டிருப்பின் குறி சிதையவோ தொடர் துண்டிக்கப்படவோ கூடும். 2018இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த 8.0 பதிப்பு இயல்பிருப்பை மாற்றியது. முன்னரே உருவாக்கிய அட்டவணைகளை அது தானாக மாற்றுவதில்லை. பழைய தரவைக் காத்தல் நியாயமே. முழுமையற்ற குறியாக்கத்துக்கு முழுமையின் பெயரைத் தொடர்ந்து வழங்கியமை நியாயமாகாது. சுவடிக் கணக்குகளை மின்பதிப்பாக்குவோர் அட்டவணையின் குறியாக்கத்தை முதலில் சரிபார்த்தல் வேண்டும்.