கோவிட் முதல் அடி அல்ல: கைர்பூர் பேரீச்சையும் 'மீள்திறன்' அறிக்கைகளும்

2020-க்கு அப்புறம் வந்த விவசாய மேம்பாட்டு அறிக்கைகளில் ஒரு சொல் தவறாமல் வரும்: ரெசிலியன்ஸ். தமிழில் மீள்திறன் என்கிறோம். எங்கள் மென்பொருள் துறையிலும் இதே சொல் தினமும் புழங்குவதால், எங்கே கண்ணில் பட்டாலும் கொஞ்சம் நின்று படிப்பேன். பேரீச்சை விவசாயிகள் பற்றிய அறிக்கைகளில் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறது. விவசாயி ஓரளவு நன்றாக இருந்தார், பெருந்தொற்று வந்தது, சந்தை மூடியது, இப்போது அவரைத் தூக்கி நிறுத்த வேண்டும். அதற்குப் பயிற்சி, மதிப்புக் கூட்டல், அழகான பேக்கிங், போனில் ஒரு ஆப்.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இருக்கும் கைர்பூரை எடுத்துப் பார்த்தால், இந்தக் கதை தொடங்கும் இடமே தப்பு என்று தெரியும்.

பாகிஸ்தான் வருடத்துக்கு சுமார் 5 லட்சம் டன் பேரீச்சை விளைவிக்கிற நாடு. அதில் கைர்பூரின் பங்கு பெரியது; அங்கே முக்கிய ரகம் அஸீல். பேரீச்சைக்கு வேரில் தண்ணீர் வேண்டும், தலையில் வெயில் வேண்டும். பழம் கனியும் நேரத்தில் மழை ஆகவே ஆகாது. பட்டால் வெடிக்கும், புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். இராக், சவுதியில் கோடையில் மழை இல்லை, பிரச்சினையும் இல்லை. கைர்பூரில் அறுவடை ஜூலை, ஆகஸ்ட். சரியாகப் பருவமழையும் அப்போதுதான்.

அந்த ஊர்க்காரர்கள் இதற்கு எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பழம் முழுதாகக் கனியும் முன்பே, மஞ்சளாகக் கெட்டியாக இருக்கும்போதே குலையை வெட்டி, பெரிய கொப்பரையில் வேகவைத்து, பாயில் பரப்பி வெயிலில் காயவைக்கிறார்கள். அதுதான் சுஹாரா. நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையில் கட்டை மாதிரி, சுருங்கிப்போய்க் கிடைக்குமே, அந்தக் காய்ந்த பேரீச்சை. காயும் நாட்களில் மழை வந்தால் இதிலும் நஷ்டம்தான். ஆனாலும் மரத்தில் விட்டுக் கனியவைப்பதைவிட ஆபத்து குறைவு. எந்த அறிக்கையும் சொல்லிக்கொடுக்காமல் அவர்களே செய்துகொண்ட காப்பீடு இது.

சுஹாராவை வாங்கியது யார்? பெரும்பாலும் இந்தியா. வட இந்தியக் கல்யாணம், பூஜை, குளிர்காலத்துப் பாலில் போட என்று அங்கே அதற்கு நிலையான தேவை. 2019 பிப்ரவரி 14-இல் புல்வாமா தாக்குதல். இரண்டே நாளில், பாகிஸ்தானிலிருந்து வரும் எல்லாப் பொருளுக்கும் இந்தியா 200 சதவீத வரி போட்டது. அந்த ஆகஸ்டில், காஷ்மீர் விவகாரத்தை ஒட்டி, பாகிஸ்தான் தன் பக்கமிருந்தும் வர்த்தகத்தை நிறுத்தியது. ஆக, 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கைர்பூர் விவசாயி ஏற்கெனவே ஒரு அறுவடையை முக்கிய வாடிக்கையாளர் இல்லாமல் கடந்திருந்தார். கோவிட் அவருக்கு இரண்டாவது அடி.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சுஹாரா என்பது மழைக்கு எதிரான காப்பீடு. அதற்குச் சந்தை போனால் விலை விழும். விலை விழுந்தால் பழத்தை மரத்திலேயே விட்டுக் கனியவைக்கும் ஆசை வரும். அப்படி விட்டால் மழையின் வாயில் போய் நிற்க வேண்டும். வரி ஒரு ஆபத்து, மழை வேறொரு ஆபத்து என்று தனித்தனிக் கட்டத்தில் எழுதிவைக்கிறோம், ஆனால் உள்ளே இரண்டும் ஒரே வயரில் ஓடுகின்றன. எங்கள் வேலையில் இப்படி மறைந்திருக்கும் பிணைப்புதான் நடுராத்திரியில் சிஸ்டத்தைப் படுக்கவைக்கும். அங்கே போய் முகப்புப் பக்கத்தை மட்டும் புதிதாக வடிவமைத்துத் தந்தால் என்ன பயன்? ஆப் யோசனையை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இன்னொன்று, இந்த அறிக்கைகளில் வரும் 'விவசாயி' யார்? சிந்துவில் தோப்பை அறுவடைக்கு முன்பே, காய் மரத்தில் இருக்கும்போதே, ஒப்பந்தக்காரருக்கு விற்றுவிடும் பழக்கம் பரவலாக உண்டு. அப்படி விற்றவருக்கு பேக்கிங் பயிற்சி கொடுத்தால் அவர் எதைப் பேக் செய்வார்? பழமே அவர் கையில் இல்லை. அவருக்குத் தேவை அறுவடை வரை தாக்குப்பிடிக்க நியாயமான வட்டியில் கடன். கொட்டை எடுக்கிற, தரம் பிரிக்கிற கூலிப் பெண்களோ பல அறிக்கைகளில் பயனாளிகள் பட்டியலில் மட்டும் எட்டிப் பார்க்கிறார்கள்.

அதே பருவமழையை ரண் பாலைநிலத்துக்கு இந்தப் பக்கம், குஜராத்தின் கச்சில், வேறு விதமாகச் சமாளிக்கிறார்கள். அங்கே வேகவைப்பதும் இல்லை, காயவைப்பதும் இல்லை. ஜூன், ஜூலையில் காயாகவே, ஆப்பிள் மாதிரி நறுக்கென்று கடித்துத் தின்னும் 'காரேக்'. வாங்குபவர் உள்நாட்டிலேயே, ஒரு லாரி தூரத்தில் இருக்கிறார். 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கைர்பூரும் இதையே செய்யலாமே என்று உடனே தோன்றும். ஆனால் பெரும்பாலான ரகங்கள் அந்தப் பருவத்தில் துவர்க்கும். பர்ஹி போன்ற சிலதான் காயிலேயே இனிக்கும். ரகத்தை மாற்றிக் கன்று வைத்தால் சொல்லும்படி காய்க்க நாலைந்து வருடமாவது ஆகும். மூன்று வருடத் திட்டத்தின் கடைசி அறிக்கையில் அந்த மரம் இன்னும் காய்த்திருக்காது.

நல்ல யோசனைகளே இல்லை என்று சொல்லவில்லை. மழை படாமல் உலர்த்தும் கூடாரம், சூரிய ஒளி உலர்த்தி இதெல்லாம் நேராக வலிக்கிற இடத்தைத் தொடுகின்றன. பணத்தை அங்கே கொட்டியிருந்தால் எனக்குப் புகாரே இல்லை. ஆனால் 2022-இல் வந்தது போன்ற வெள்ளத்துக்கு அதுவும் தாங்காது. அந்த வருடம் அறுவடை மாதங்களிலேயே சிந்து மூழ்கியது. கைர்பூரில் பேரீச்சை பெருமளவு நாசமானது. 'கோவிட்டுக்குப் பிந்தைய மீட்சி' என்று தலைப்பு வைத்த திட்டத்தில் இதை எந்த அத்தியாயத்தில் எழுதுவார்கள்?

2025 மே மாதம் இந்தியா வரியையும் தாண்டி, பாகிஸ்தான் பொருட்களுக்கு முழுத் தடையே போட்டது. அதற்கு அடுத்த மாதமே, துபாய் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்த பாகிஸ்தான் சரக்குக் கன்டெய்னர்களை மும்பை அருகே நவசேவா துறைமுகத்தில் வருவாய்ப் புலனாய்வுத் துறை பிடித்தது. உள்ளே இருந்த சரக்கில் காய்ந்த பேரீச்சையும் உண்டு. வாங்க ஆள் இருக்கிறார், விற்கவும் ஆள் இருக்கிறார். நடுவில் ஒரு கடல் சுற்று, ஒரு பொய்ச் சான்றிதழ், அந்தச் செலவையெல்லாம் கழித்த பிறகு தோப்புக்காரருக்கு ஒரு விலை.